கலவை ரூம்காரரின் இருதயம்

மதுரையில் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து சீனிச்சாமி ஆனைக்குட்டத்துக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட இல்லை. கதவைச் சாத்தினால் ஓசை வராமல் சாத்தினார்கள். கைபேசி வீட்டுக்குள் வரக் கூடாது என்று வாசலுக்கு வெளியே ஜன்னல் விளிம்பில் கிடந்தது. அவர் மனைவி குருவம்மாள் மிக்சியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துச் சட்னி அரைத்துக் கொண்டுவந்தாள். பார்க்க வந்தவர்கள் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, பாதம் தரையில் உரசாமல் தூக்கித் தூக்கி வைத்து உள்ளே வந்தார்கள். கட்டிலுக்கு எட்ட நின்று ஆரஞ்சுப் பழத்தைக் கீழே வைத்தார்கள். வந்த மாதிரியே பின்வாங்கிப் போனார்கள்.

வெளியூர்க்காரன் எவனாவது பார்த்திருந்தால் இதென்ன கருவறையா, உள்ளே படுத்திருப்பது சாமியா என்று கேட்டிருப்பான். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த நடை தெரியும். பட்டாசுக் கம்பெனியில் கலவை ரூமுக்குள் நடக்கிற நடை அது. சீனிச்சாமி தன் நெஞ்சைக் கலந்து வைத்த வெடிமருந்து என்று முடிவு கட்டியிருந்தார். ஊரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அதை ஒத்துக்கொண்டது.

ஒத்துக்கொள்ளக் காரணம் இருந்தது. சீனிச்சாமி சொன்னால் அதற்கு மேல் அந்த ஊரில் அப்பீல் கிடையாது. முப்பது வருசமாக வெம்பக்கோட்டைப் பாதையில் இருக்கிற ஒரு கம்பெனியில் அவர்தான் கலவைக்காரர். வெயில் ஏறுவதற்கு முன்னால் தனி ரூமில் உட்கார்ந்து, வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி மூன்றையும் அளந்து, சலித்து, கையாலேயே கலந்து கொடுக்க வேண்டும். அந்த ரூமில் பேச்சு கிடையாது. அவசரம் கிடையாது. கலந்ததை ஆட்டக் கூடாது, உரசக் கூடாது, வெயில் காட்டக் கூடாது. சுற்று வட்டாரத்தில் எத்தனையோ ரூம்கள் தரைமட்டமாகியிருக்கின்றன. அவருடைய ரூமில் ஒரு பொறி பறந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒன்றை ஆட்டாதே என்றால் யார் ஆட்டுவார்கள்?

வலி வந்த கதை சின்னதுதான். விருதுநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, வழியில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவை ஆசை தீரச் சாப்பிட்டு பஸ் ஏறினார். சிவகாசி வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வாய்வு என்று சோடா குடித்துப் பார்த்தார். அப்புறம் ஆம்புலன்ஸ், மதுரை, இருதயத்துக்குப் போகிற குழாய்களில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும் என்ற பேச்சு. பரோட்டாவின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. கம்பெனிக்குள் பீடி கூடாது என்பதால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கன்னத்தில் புகையிலையை அதக்கியவர். சாயங்காலம் சாத்தூர்க் காராச்சேவு இல்லாமல் டீ இறங்காது.

பிழைத்து எழுந்தவரை விபரீதத்தில் கொண்டுபோய் விட்டது ஒரு எக்ஸ்ரே. வார்டில் டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது சீனிச்சாமி எட்டிப் பார்த்தார். நெஞ்செலும்பைச் சுற்றி வரிசையாக வெள்ளைக் கம்பிக் கட்டு. முறுக்கி முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அணுகுண்டுப் பட்டாசைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். உள்ளே இருக்கிற மருந்து கொஞ்சம்தான், மேலே சுற்றுகிற நூல் கட்டுதான் சத்தம். கட்டு இறுக இறுக வேகம் கூடும். உள்ளே திக்கு திக்கென்று அடிக்கிற ஒன்றை வைத்து வெளியே இந்த இறுக்கு இறுக்கியிருக்கிறார்களே என்று அவருக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. படித்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்று. நெஞ்சு சேதாரமில்லாமல் ஆறி, தீபாவளி சீசனுக்குள் கலவை ரூமுக்குத் திரும்ப வேண்டும். அவர் இடத்தில் இப்போது கருத்தப்பாண்டி என்கிற நாற்பது வயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். நல்ல கைதான். ஆனாலும் போர்மேன் கனகசபாபதி ஆஸ்பத்திரிக்கே வந்து, உன் இடம் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சீனிச்சாமி கட்டிலில் கிடந்தார்.

சட்டதிட்டத்துக்குக் கட்டுப்படுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. புகையிலையை விட்டது விட்டதுதான், ஒரு தரம்கூடக் கை போகவில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். குருவம்மாள் கிள்ளிப் போட்டாலும் கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளினார். சாத்தூரிலிருந்து கொழுந்தியாள் கொண்டுவந்த சேவுப் பொட்டலம் பிரிக்காமலே தெருப் பிள்ளைகளுக்குப் போனது. கம்மங்கஞ்சி, கீரை, அவித்த பயறு என்று எது கொடுத்தாலும் சாப்பிட்டார். மாத்திரை நேரம் தவறவில்லை. ஆனால் நடக்கச் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூச்சை இழுத்து மூன்று பந்துகளை மேலே எழுப்புகிற பிளாஸ்டிக் சாமான் ஒன்றைப் பயிற்சிக்கென்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். அது உறையோடு பீரோ மேல் கொலுவிருந்தது.

விளைவு தெரியாமல் போகவில்லை. பாதம் வீங்கியது. கால் சூம்பியது. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதற்கு மூச்சு வாங்கியது. மதுரைக்குக் காட்டப் போனபோது டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். இப்படியே படுத்திருந்தால் நுரையீரல் அடியில் சுருங்கிக்கொண்டே போகும், காலில் ரத்தம் உறையும், செய்த ஆபரேஷன் அத்தனையும் வீண் என்று கடிந்துகொண்டார். சீனிச்சாமி தலையாட்டினார். வீட்டுக்கு வந்து முன்னைவிட அசையாமல் படுத்தார். காரில் குலுங்கியதால்தான் மூச்சு இளைக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

குருவம்மாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. புருசன் சொல்லைத் தட்டாதவள்தான், ஆனால் கண் முன்னால் ஆள் கரைகிறது. அடுத்த தெரு ஞானபூரணியிடம் போய் அழுதாள். ஞானபூரணி வெம்பக்கோட்டைப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் இருதய ஆபரேஷன் தியேட்டரில் சில வருசம் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, வேதப் புத்தகப் பையோடு நேரே வந்துவிட்டார். எல்லாரும் நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. கட்டிலில் சீனிச்சாமியின் காலடியிலேயே உட்கார்ந்தார். குருவம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் ஞானபூரணி திட்டவில்லை, புத்தியும் சொல்லவில்லை. என்ன பயம் என்று கேட்டார். சீனிச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு எக்ஸ்ரேயையும் அணுகுண்டையும் சொன்னார். அதைக் கேட்டு ஞானபூரணி சிரிக்கவில்லை.

"அண்ணே, அந்தக் கம்பி எலும்பத்தான் கட்டியிருக்கு. இருதயத்தக் கட்டல. அது உள்ள அதுபாட்டுக்கு இருக்கு. சரி, ஒங்க நெஞ்சத் தெறந்தப்ப என்ன செஞ்சாகன்னு யாராச்சும் சொன்னாகளா?"

"அடைப்ப எடுத்துவிட்டாக."

"எடுக்கல. அடைப்பு அங்கனதான் கெடக்கு. ஒங்க கால்ல இருந்து ஒரு குழாய உருவி, அடைப்பச் சுத்திப் புதுப் பாத தச்சுருக்காக. தைக்கணும்னா ஆடாம இருக்கணும்ல. அதுக்காக இருதயத்த நிப்பாட்டுனாக."

குருவம்மாள் சுவரில் சாய்ந்தாள். சீனிச்சாமி மெல்லத் தலையைத் திருப்பினார். நிறுத்தினார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். நிறுத்தினார்கள் என்றால் நிறுத்தியதுதான், ஒரு மணி நேரத்துக்கு மேல் அது துடிக்காமல் கிடந்திருக்கும், வெளியே ஒரு மிஷின் ரத்தத்தை ஓட்டியிருக்கும் என்றார் ஞானபூரணி. எதைக் கொண்டு நிறுத்தினார்கள் என்று சீனிச்சாமி கேட்டார். பொட்டாசியம் உப்புக் கரைசல், ஐஸ் மாதிரிக் குளிரவைத்து உள்ளே விடுவார்கள் என்று பதில் வந்தது.

"பொட்டாசியமா? நாங்க போடுற வெடியுப்பா?"

"ஒங்களது நைட்ரேட்டு. இது அதுக்குச் சொந்தக்கார உப்பு."

சீனிச்சாமி தன் உள்ளங்கையைப் பார்த்தார். முப்பது வருசமாக அந்தக் குடும்பத்து உப்போடுதான் ஜீவனம். நெருப்புக்கு மூச்சுக் கொடுத்து ஓடவைக்கிற உப்பு என்றுதான் அதை அவருக்குத் தெரியும். அதே இனத்து உப்பு தன் நெஞ்சுக்குள் போய் ஒரு உயிரை நில் என்று நிறுத்திவைத்ததா? கேட்க வேண்டிய அடுத்த கேள்வியைக் கேட்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"பெறகு யாரு பத்த வச்சது?"

"யாரும் பத்த வைக்கலண்ணே. சில பேருக்கு லேசாக் கரண்டு வச்சு எழுப்புவாக. முக்காவாசி தானாத்தான் எந்திருக்கும். ரத்தக் குழாயப் புடிச்சு வச்ச இடுக்கிய எடுத்துவிட்டதும் சூடான ரத்தம் உள்ள போகும். மொதல்ல சும்மா கெடக்கும். பெறகு ஒரு நடுக்கம். பெறகு ஒரு துடி. கொஞ்சங்கழிச்சு இன்னொண்ணு. நான் எம்புட்டோ பாத்துருக்கேன், ஒவ்வொரு தடவையும் புல்லரிச்சுப் போகும். அந்த நேரத்துல பெரிய டாக்டரே பேச மாட்டாரு."

வீட்டில் சத்தமில்லை. இத்தனை நாள் இருந்த சத்தமில்லாமை வேறு, இது வேறு. சீனிச்சாமி தன் அனுபவம் முழுவதையும் ஒரு தரம் துழாவிப் பார்த்தார். அணைந்தது ஒன்று தானாகத் திரும்பப் பற்றியதாக அதில் எதுவுமே இல்லை. திரி எரிந்து உள்ளே வெடிக்காமல் நின்றுபோனதை அவர்கள் தொட மாட்டார்கள். தண்ணீரில் போட்டு ஊறவைத்துப் புதைத்துவிடுவார்கள். அதன் ஆயுசு அவ்வளவுதான். இங்கே ஒன்று அணைந்து, குளிர்ந்து, திரியுமில்லாமல் தீயுமில்லாமல் எழுந்து, இன்றைக்கு வரைக்கும் அடித்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் வெடிமருந்து என்று நினைத்து அவர் பாய் போட்டுப் படுக்கவைத்திருக்கிறார்.

"ஆட்டுனா ஒண்ணும் ஆகாதா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"ஆடுறதுதான் அதுக்கு வேலையே. படுக்கப்போட்டாத்தான் கெட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டு, ஞானபூரணி எழுந்து பீரோ மேலிருந்த மூன்று பந்துச் சாமானை எடுத்துத் தூசி தட்டி அவர் மடியில் வைத்தார். அன்றைக்கு ஒரு பந்துகூட எழும்பவில்லை. அடியில் லேசாக நடுங்கியதோடு சரி.

மறுநாள் விடிந்ததும் புருசனும் பெண்டாட்டியும் அணைக்கரைப் பாதையில் இறங்கினார்கள். குருவம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். குடிப்பதற்கா, கம்பெனியில் ரூம் வாசலில் வாளித் தண்ணீர் வைப்பார்களே அந்தக் கணக்கா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. சீனிச்சாமி நடந்தார். அதை நடை என்று சொன்னால் நடைக்குக் கேவலம். பாதத்தைத் தூக்கி, நிதானித்து, தரையில் வைத்து, மறு பாதத்தைத் தூக்கினார். வரப்போரம் மேய்ந்த ஆடு ஒன்று அவரைக் கடந்து போய், புல் தின்று, திரும்பி வந்தது. கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைத்தது. ஜன்னலில் இருந்த அத்தனை பேரும் ஒரு சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டே போனார்கள்.

கரை மேட்டில் ஏறும் இடத்தில் அது நடந்தது. நெஞ்சு வேகம் பிடித்தது. தொண்டை வரைக்கும் அடித்தது. காது சுட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தார். குருவம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றுவிட்டார். கலவை ரூமில் சூடு ஏற ஆரம்பித்தால் ஏறிக்கொண்டே போகும், பாதியில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காத்திருந்தார்.

அடி குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, மணல் போடவில்லை. ஏறியது, தானாக இறங்கி, பழைய இடத்துக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல நிதானமாக அடிக்க ஆரம்பித்தது. சீனிச்சாமி கண்ணைத் திறந்தபோது எதிரே அணைத் தண்ணீர் முழுக்க விடிந்துகிடந்தது.

"ஏறுச்சு. எறங்கிருச்சு பிள்ள" என்றார் மனைவியிடம். குருவம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. மழையென்றும் பார்க்காமல் தினமும் நடந்தார். சில நாள் நடுவழியில் மனது உடைந்து உட்கார்ந்ததும் உண்டு. இருமினால் நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதைச் சமாதானப்படுத்துவது போல இருமினார். பந்து ஒன்று எழும்பியது. இரண்டாவது எழும்பப் பல நாள் எடுத்துக்கொண்டது. மூன்றும் உச்சியில் போய் ஒட்டிய அன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். மிக்சியும் வீடு திரும்பியது.

ஒழுக்கம் கூடிவிட்ட மனிதர்கள் செய்கிற தொந்தரவையும் அவர் செய்யாமல் இல்லை. டீக்கடையில் அவர் தலை தெரிந்தாலே ஆட்கள் வடையைப் பேப்பருக்கு அடியில் தள்ளினார்கள். விருந்துக்குப் போன வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் தூக்கி மூடி வைத்தார். கன்னம் உப்பியிருந்தவனை எல்லாம் நிறுத்தி, துப்பச் சொன்னார். ஆனால் எதிரில் யாராவது உட்கார்ந்திருந்தால் சில நேரம் பேச்சை விட்டுவிட்டு அவர்கள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார். பேருந்தில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, அத்தனை பேருக்குள்ளும் அது அடித்துக்கொண்டிருக்கிறதே, யாராவது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுகிறார்களா என்று குருவம்மாளிடம் ஆச்சரியப்பட்டார்.

சீசன் வந்தது. லோடு லோடாக ஆர்டர். வேலை பார்க்கலாம், பாரம் மட்டும் தூக்க வேண்டாம் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். போர்மேனிடமிருந்து ஆள் வந்தது. சீனிச்சாமி கலவை ரூமுக்கென்று வைத்திருந்த பருத்திச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தார். காத்துக்கிடந்த நாள் வந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. குருவம்மாள் கஞ்சி ஊற்றினாள். கஞ்சித் தூக்கைக் கையில் கொடுத்தபோது அவள் கை ஒரு வினாடி தூக்கை விடாமல் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

வேனில் இடம் விட்டார்கள். கேட்டில் சோதனை முடிந்து, வெறுங்காலோடு கடைசி ரூமுக்கு நடந்தார். வாசலில் சுவரோடு ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக, உள்ளே போகிறவன் அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முப்பது வருசப் பழக்கத்தில் சீனிச்சாமியின் கை தானாகப் போய்த் தகட்டில் உட்கார்ந்தது.

செம்பு குளுகுளுவென்று இருந்தது. கை அதில் அமர்ந்ததும் உள்ளங்கையில் நெஞ்சின் துடிப்பு தெரிந்தது. டப் டப்பென்று, அவசரமில்லாமல்.

கையை எடுக்க முடியவில்லை. உள்ளே தட்டும் சல்லடையும் வெடியுப்புக் குவியலும் தெரிந்தன. கருத்தப்பாண்டி கடைசி நாளாக எல்லாவற்றையும் துடைத்துவைத்து, ஒதுங்கி இடம் விட்டு நின்றார். இந்த வாசலில் எத்தனை ஆயிரம் தரம் கை வைத்திருக்கிறோம் என்று சீனிச்சாமி நினைத்தார். மருந்துக்குப் பொறி பட்டுவிடக் கூடாது, ரூம் போய்விடக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தரமும் வைத்தது. கூடவே இந்த நெஞ்சும் ஒவ்வொரு நாளும் உள்ளே வந்திருக்கிறது. லீவு கேட்காமல், கூலி கேட்காமல், அவர் கலந்து முடிக்கும் வரைக்கும் அந்த மருந்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் இந்த ஆபத்துக்குள் அழைத்துவருகிறோம் என்று ஒரு நாளாவது தோன்றியதா?

கனகசபாபதி பின்னாலிருந்து நெருங்கி வந்தார். கலவை ரூம் வாசலில் குரல் உயர்த்தக் கூடாது என்பதால் காதோரம் கேட்டார்.

"என்னப்பா சீனிச்சாமி, நெஞ்சு வலிக்கா?"

"இல்ல அண்ணாச்சி. நல்லாருக்கு. அதான் உள்ள வர முடியல."

போர்மேனுக்குப் புரியவில்லை. கேட்டில் உட்காருகிறேன், தீப்பெட்டியும் கைபேசியும் வாங்கிவைக்கிற வேலை கொடுங்கள், ஒருவரையும் விட மாட்டேன் என்று சீனிச்சாமி சொன்னார். கம்பெனியின் முதல் கை இப்படிப் பேசுகிறதே என்று கனகசபாபதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே நின்ற கருத்தப்பாண்டி, மறுபடி தானேதான் உட்கார வேண்டும் என்று தெரிந்துகொண்டு சல்லடைக்குக் கை நீட்டினார்.

சீனிச்சாமி தகட்டிலிருந்து கையை எடுத்தார். வாசல்படிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, "ஏலே கருத்தப்பாண்டி, இங்கன வா" என்றார். கருத்தப்பாண்டி வந்தார். அவருடைய பருத்திச் சட்டையின் மேல், இடது நெஞ்சில், சீனிச்சாமி உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் தன் நெஞ்சு அடிப்பது கருத்தப்பாண்டிக்கும் கேட்க ஆரம்பித்தது. சீனிச்சாமி கையை எடுத்துக்கொண்டு, காலைத் தேய்க்காமல் எடுத்து வைத்து, கேட்டைப் பார்க்க நடந்தார்.

அன்றைக்குக் கருத்தப்பாண்டி மருந்து சலிக்க உட்காருவதற்கு வழக்கத்தைவிட நேரமானது.